குடியம் பள்ளத்தாக்கில் ஒரு ஞாயிறு

ஆண்டுதோறும் தை மாதத்தில் எங்கள் பங்கின் குடும்பங்கள் ஒருநாள் பயணம் புறப்படுவது வழக்கம். பெரும்பாலும் பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்துக்கே செல்வோம். திருப்பலி கண்டு, ஏரிக்கரையில் கட்டுச்சோறு உண்டு, பொழுது சாய்வதற்குள் கும்மிடிப்பூண்டி திரும்பிவிடுவோம். அந்த வழக்கத்தை இம்முறை மாற்றியவர்கள் எங்கள் இளைஞர்கள்.

எங்கள் பங்கு தொழிற்பேட்டையை நம்பி வாழும் பங்கு. சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் ஷிப்டு மாற்றி ஷிப்டு உழைப்பவர்கள்தாம் எங்கள் பாடற்குழுவிலும் இளைஞர் மன்றத்திலும் இருக்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர். அண்மைக் காலத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஆதிவாசிக் கத்தோலிக்க இளைஞர்கள் சிலர்.

சென்ற ஆண்டு இவர்களுள் நால்வர் ஒரு மலைவாசத் தலத்துக்குப் போய், அங்கே கட்டணத்துக்கு ஓட்டக் கொடுக்கும் ‘குவாட் பைக்’ என்னும் நான்கு சக்கர மோட்டார் வண்டியில் சேற்றிலும் மேட்டிலும் சுற்றி வந்திருந்தார்கள். காணாதவர்களுக்குச் சொல்கிறோம்: மோட்டார் சைக்கிளின் இருக்கையும் கைப்பிடியும், அவற்றின் கீழே காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்கள் நான்கும் கொண்ட வண்டி அது. 1970-ஆம் ஆண்டு ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் இத்தகைய வண்டியை மூன்று சக்கரங்களோடு விற்கத் தொடங்கியது. அது எளிதில் கவிழ்ந்து பலரைக் காயப்படுத்தவே, 1988-இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டியின் விற்பனை நின்றது. அதற்கு முன்னரே, 1980-களின் தொடக்கத்தில், சுசுகி நிறுவனம் நான்காவது சக்கரத்தைச் சேர்த்துவிட்டது. மேலை நாடுகளில் மலைச்சரிவில் ஆடு மேய்ப்போர் இதனை உழைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் இது பெரும்பாலும் விளையாட்டு வண்டியே.

“இவ்வாண்டு நான்கு குவாட் பைக்குகளை வாடகைக்கு எடுத்து மினி லாரியில் ஏற்றிக்கொள்வோம், பூண்டிக்கு அப்பாலுள்ள குடியம் பள்ளத்தாக்கில், ஒரு வழிகாட்டியை முன்னே விட்டு, குகை வரையில் ஓட்டிச் செல்வோம்” என்பது இளைஞர் மன்றத்தின் திட்டம். பங்குத் தந்தை மறுக்கவில்லை. விசாரித்துச் சொல்வதாகக் கூறினார். வனத்துறையில் விசாரித்தபோது விடை தெளிவாகக் கிடைத்தது. அது காப்புக்காடு, உள்ளூர் வழிகாட்டியோடு அனுமதி பெற்று நடந்து போகலாம், சாலை முடியும் இடத்துக்கு அப்பால் எந்த வண்டியும் போகலாகாது.

“நடந்துபோய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது, சாமி? கல்தானே?” என்றார் வார்ப்படச் சாலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர். இருந்தாலும் பெயரை மட்டும் திரும்பப் பெறவில்லை.

ஞாயிறு அதிகாலைத் திருப்பலி முடிந்ததும் முப்பத்தொருவர் ஒரு பேருந்தில் புறப்பட்டோம். அவர்களுள் ஒன்பது பேர் பிள்ளைகள். மரியாயின் சேனைத் தாய்மார் புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் கட்டி எடுத்து வந்தார்கள். புதுவாயல் சந்திப்பில் நெடுஞ்சாலையை விட்டுப் பெரியபாளையம் சாலையில் திரும்பியதும் காற்றே வேறாகிவிடுகிறது. உலைப் புகையின் நெடி மறைந்து, நெல் முற்றிய வயலின் மணம் வருகிறது. ஊத்துக்கோட்டையருகே கால்வாய் ஒன்றில் நீர் தளும்பி ஓடக் கண்டோம். ஆந்திரத்துக் கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர் அது; 1996-ஆம் ஆண்டு முதன்முதலாகத் தமிழக எல்லையைத் தொட்டது. சென்னையில் குழாயைத் திறப்பவர் எத்தனை பேருக்கு இக்கால்வாய் தெரியும் என்று எங்களுள் ஒருவர் கேட்டார். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்: அதுவரையில் எங்களுக்கும் தெரியாது.

சீத்தஞ்சேரியைக் கடந்து, மேற்கே அல்லிக்குழி மலைத்தொடர் தெரியத் தொடங்கியது. மலையென்றால் கொடைக்கானலையோ ஏற்காட்டையோ எண்ணிக்கொள்ள வேண்டாம். தாழ்ந்து நீண்ட செந்நிறக் குன்றுகள். அவற்றின் மடியில் முட்புதர் மண்டிய பள்ளத்தாக்குகள். நடுவே மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைகள். இவ்வோடைகள் கொசத்தலை ஆற்றில் சேர்கின்றன. அவ்வாறுதான் பூண்டியில் ஏரியாகத் தேங்கி, மிஞ்சியபோது எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது.

குடியம் ஊரில் வண்டி நின்றது. எங்கள் வழிகாட்டி வேப்பமர நிழலில் காத்திருந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும், இருளர் சமூகத்தவர், ஒடுங்கிய உடல், கையில் ஓர் அரிவாள், காலில் செருப்பில்லை. பிள்ளைகள் சிறிது நேரத்திலேயே அவரைத் தாத்தா என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் சொன்ன விதிகள் மூன்று: வரிசையாக வரவேண்டும்; குகைக்குள் கூச்சலிடக் கூடாது; எதையும் எடுக்கக் கூடாது. மூன்றாவது விதியை நாங்கள் பூவையும் காயையும் பற்றியதாக எண்ணிக்கொண்டோம்.

ஒற்றையடிப் பாதை. இரு புறமும் களாவும் காரையும் சூரையும் சேலையைப் பற்றியிழுத்தன. காலின் கீழே எங்கும் உருண்டைக் கற்கள், பழுப்பும் சிவப்புமாக, கோழிமுட்டை அளவு முதல் பூசணிக்காய் அளவு வரை. ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. பெரியவரோ பார்க்காமலே நடந்தார். நடந்துகொண்டே ஒரு புற்றைக் காட்டி அதில் ஈசல் எந்த மழைக்குப் பின் புறப்படும் என்றார். ஒரு கொடியைக் காட்டி, அதன் கிழங்கு எந்த மாதத்தில் இனிக்கும் என்றார்.

அவ்விடத்தில்தான் எங்கள் ஜார்க்கண்டு இளைஞர் ஒருவர் வரிசையை விட்டு முன்னே போய் அவரோடு சேர்ந்துகொண்டார். எங்களோடு பேசத் தயங்கும் அவர் அந்தக் கொடியைக் கண்டதும் தம் ஊரில் அதுபோன்றதற்கு என்ன பெயர் என்று அரைத் தமிழில் விளக்க முற்பட்டார். அவர் ஒராவோன் இனத்தவர். அவ்வினத்தாரின் குருக் மொழி வடக்கே வழங்கினாலும் தமிழைப் போலவே திராவிட மொழி. பல்லைத் தொட்டுக் காட்டிப் பெரியவர் “பல்” என்றார். இளைஞர் வியந்து, “எங்கள் ஊரிலும் பல்தான்” என்றார். கண்ணுக்கும் ஏறத்தாழ அதே சொல். உலைக்கூடத்தில் ஈராண்டாக அவரோடு ஒரே ஷிப்டில் நின்ற நம்மவர் யாரும் இதைக் கேட்டறியவில்லை.

அரை மணி நேரம் நடந்திருப்போம். ஓடைச் சரிவு ஒன்றில் பாதை திடீரென அகன்று, மண் சிதைந்து கிடந்தது. மோட்டார் சைக்கிள் டயர்களின் தடங்கள். யாரோ அண்மையில் வண்டிகளை அந்த மேட்டில் ஏற்றி இறக்கி விளையாடியிருக்கிறார்கள். பெரியவர் அங்கே நின்று, குனிந்து, உடைந்த கல்துண்டு இரண்டைத் தரையிலிருந்தபடியே விரலால் சுட்டிக் காட்டினார். மேற்புறம் பழுப்பேறிப் பளபளவென்றிருந்தது. உடைந்த வாய் மட்டும் வெளுத்திருந்தது.

“இது இப்போ உடைஞ்சது,” என்றார். “அந்தப் பக்கம் பாருங்க. அது அவங்க உடைச்சது.”

‘அவங்க’ யாரென்று எங்களுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. பாதி மண்ணில் புதைந்திருந்த கல்லின் விளிம்பில் வரிசையாகச் சிறு சிறு சில்லுகள் பெயர்க்கப்பட்டிருந்தன. இயற்கையாக உடைந்த கல்லில் அவ்வளவு ஒழுங்கு இராது. ‘கல்தானே’ என்று சொன்ன இளைஞர் குந்தி உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தார். வார்ப்பில் பிசிறு நீக்குவது அவருடைய வேலை. “இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அடித்திருக்கிறார்கள், ஓர் அடி தப்பினால் உருப்படி வீண்” என்றார். பிறகு டயர்த் தடத்தைப் பார்த்தார். குவாட் பைக்கைப் பற்றி அன்று முழுவதும் அவர் வாய் திறக்கவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். இந்திய நிலவியல் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் ஆங்கிலேயர் 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மிகப் பழைய கற்காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அதுவே முதற்சான்று. அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் அவரும் அவருடைய நண்பர் வில்லியம் கிங்கும் நாங்கள் நடந்த பாதைக்கு அண்மையிலுள்ள அத்திரம்பாக்கத்து ஓடையில் கைக்கோடரிகளைக் கண்டார்கள். கைக்கோடரிக்குப் பிடியோ காம்போ கிடையாது. பேரிக்காய் வடிவில், அகன்ற பக்கம் உள்ளங்கையில் அமர, கூரிய பக்கம் வெளியே நீளும். கடினமான குவார்ட்சைட் என்னும் கல்லில் செய்யப்பட்டது. ஃபுட் துரை நெடுங்காலம் தென்னாடெங்கும் இத்தகைய பொருள்களைத் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ‘மதராஸ் கைக்கோடரி’ என்னும் பெயர் உலகின் தொல்லியல் நூல்களில் ஏறியது இப்படித்தான்.

ஆனால் அக்கருவிகள் எவ்வளவு பழையவை என்பதை ஃபுட் துரையால் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் என்னும் ஆய்வாளர்கள் அத்திரம்பாக்கத்தில் ஒன்பது மீட்டர் ஆழம் வரையில் குழி தோண்டி ஆராய்ந்தார்கள். மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டு, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இருவகை அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழத்தில் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்று, இருப்பவை தேயத் தொடங்கும். ஒன்று மற்றதைவிட இரு மடங்கு வேகத்தில் தேயும். பீடத்தில் ஒரே நேரத்தில் ஏற்றிய இரண்டு மெழுகுவர்த்திகளில் ஒன்று விரைவாக எரிவது என்றால், எஞ்சிய நீளங்களை ஒப்பிட்டு ஏற்றிய நேரத்தைக் கணக்கிடலாமல்லவா? அவ்வாறே கணக்கிட்டார்கள். 2011-இல் வெளியான முடிவு: மிகப் பழைய கருவிகள் சராசரியாக 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை, மிகக் குறைத்துச் சொன்னாலும் 10 இலட்சத்து 70 ஆயிரம். அதே குழியில் குதிரையினம், மாட்டினம் ஆகியவற்றின் பற்களும், மிருகங்களின் குளம்புத் தடங்களும் கிடைத்தன. 2018-இல் மற்றொரு முடிவு வந்தது. அதே இடத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் பெரிய கைக்கோடரிகளை விட்டு, சிறிய, நுட்பமான சில்லுக் கருவிகளுக்கு மாறியிருந்தார்கள் என்பது அது.

இதில் எங்களை வியக்க வைத்த செய்தி வேறொன்று. அத்திரம்பாக்கத்தில் அக்காலத்தில் பெரிய குவார்ட்சைட் பாறைகள் இல்லை. வேறிடத்தில் பெரிய சில்லுகளாகப் பெயர்த்து, சுமந்து கொண்டுவந்து, இங்கே வைத்துத் திருத்தமாக முடித்திருக்கிறார்கள். மூலப்பொருள் ஓரிடம், முடிக்கும் பட்டறை ஓரிடம். திருவள்ளூர் மாவட்டத்தின் முதல் தொழிற்பேட்டை எது என்று எங்கள் பிள்ளைகளை யாரேனும் கேட்டால் இனி அவர்கள் கும்மிடிப்பூண்டி என்று சொல்லப் போவதில்லை.

பத்தரை மணிக்குக் குகையை அடைந்தோம். குகை என்பதைவிடப் பாறைக் கூரை என்பது பொருந்தும். மலையே வாய் பிளந்து நிற்பதுபோல உயர்ந்து கவிந்த கூரை. அதன் கீழே எங்கள் ஆலயம் முழுவதும் அடங்கும். சுவரெங்கும் கூழாங்கற்கள் பதிந்திருந்தன. ஜல்லியும் சிமெண்டும் கலந்து ஊற்றியதுபோல் இருப்பதைக் கண்டு, இதை யார் கட்டியது என்று ஒரு சிறுவன் கேட்டான். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் பழைய ஆறுகள் உருட்டி வந்து கொட்டிய கற்கள் இறுகிப் பாறையானவை அவை. கற்கால மனிதர் தமக்கு வேண்டிய கல்லை இச்சுவர்களிலிருந்து உதிர்ந்தவற்றிலேயே பொறுக்கியிருக்கலாம். கூரையில் பெரிய தேனடைகள் தொங்கின. பெரியவர் உதட்டில் விரல் வைத்தார். முப்பத்தொருவரும் ஆலயத்தில் இருப்பதைவிட அமைதியாக இருந்தோம் என்று சொன்னால் பங்குத் தந்தை கோபித்துக்கொள்ள மாட்டார்.

குகையின் ஒரு மூலையில் கிராமத்தார் வழிபடும் அம்மன் ஒருத்தியின் சிறு கோவில் இருக்கிறது. பெரியவர் அங்கே சற்று நின்று கும்பிட்டு வந்தார். 1960-களில் நடுவணரசின் தொல்லியல் துறை இக்குகையிலும் தோண்டிப் பார்த்தது. கருவிகள் கிடைத்தன, எலும்பு எதுவும் கிடைக்கவில்லை.

வெளியே நிழலில் அமர்ந்து உண்ணும்போது, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: “சாமி, இவங்க ஆதாமுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

பேச்சு நின்றுவிட்டது. தாய்மாருள் ஒருவர் மகளின் கையை மெல்லத் தட்டினார். அக்கேள்வி எங்களுள் பலருக்குக் காலைமுதலே உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது, கேட்கத்தான் துணிவில்லை.

பங்குத் தந்தை சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி” என்று தொடங்கி, நிதானமாகவே சொன்னார். உலகத்துக்கு எத்தனை வயது என்று ஆதியாகமம் கணக்குச் சொல்லவில்லை. அதைப் படைத்தவர் யார், மனிதனை எதற்காகப் படைத்தார் என்பதைச் சொல்கிறது. மனித உடல் அதற்கு முன்னிருந்த உயிர்களிடமிருந்து தோன்றியதா என்பதை அறிஞர் ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்றும், ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதை நாம் விடலாகாது என்றும் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-ஆம் ஆண்டு எழுதினார். 1996-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் இன்னும் ஒருபடி முன்சென்று, பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்தைவிட மேலானது என்றார். கற்கால ஆய்வை வளர்த்தவர்களுள் குருக்களும் உண்டு. பிரான்சு நாட்டு ஆன்றி பிரேய் அடிகளார் வாழ்நாளெல்லாம் குகைகளிலேயே கழித்தவர். சேசு சபையைச் சேர்ந்த தெய்யார் த ஷார்தன் 1935-இல் இந்தியாவுக்கு வந்து, நர்மதைக் கரையில் கற்கருவி தேடிய குழுவோடு நடந்தார். அக்குழுவைச் சேர்ந்த பாட்டர்சன் என்பவரே இந்தக் கொசத்தலை ஆற்றின் படிமேடுகளையும் ஆராய்ந்தவர்.

“அப்படின்னா முன்னாடியா, பின்னாடியா?” என்று சிறுமி விடவில்லை.

“அவர்களுடைய எலும்பு ஒன்றும் இங்கே கிடைக்கவில்லையே, அம்மா. முகம் தெரியாதவர்களை எங்கே நிறுத்துவது? நம்மைப் போன்றவர்கள் இல்லை என்றுதான் அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் கல்லை எடுத்து, இது என்னவாகும் என்று மனத்துக்குள் முன்னதாகவே கண்டு, பிறகு அடித்திருக்கிறார்கள். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்றுதான் நான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன்.”

சிறுமிக்கு நிறைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எங்களுக்கோ, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் குருவைப் பெற்றிருக்கிறோம் என்று மனம் இலேசாயிற்று.

திரும்பும் வழியில் அந்தச் சரிவை அடுத்து, எங்கள் உபதேசியார் சற்றுப் பின்தங்கினார். மறைக்கல்வி வகுப்பை முப்பதாண்டுகளாக நடத்திவருபவர். ஒரு சாக்பீசைக்கூட வீணாக்காதவர். அவர் குனிந்து எதையோ எடுத்துத் துணிப்பைக்குள் இட்டதை நாங்கள் பார்த்தோம். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் எடுக்கிறார் என்பது தெரிந்தது. நல்ல காரியம் என்றே தோன்றியது. ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பூண்டிக்குப் போனோம். பூண்டி ஏரிக்கு ‘சத்தியமூர்த்தி சாகர்’ என்று பெயர். சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940-இல் வேலை தொடங்கி, 1944-இல் முடிந்தது. முடிந்ததைக் காண அவர் உயிரோடு இல்லை. அந்நீரின் அடியில் திருவெண்பாக்கம் என்னும் பழைய ஊர் இருக்கிறது. கண் பார்வை இழந்த சுந்தரர் அங்கே ஊன்றுகோல் பெற்றார் என்பது சைவர்களின் மரபு. அக்கோவிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து கரையில் கட்டியிருக்கிறார்கள். ஓர் ஊரின் வயல்களும் வாசல்களும் சென்னைக்குக் குடிநீராயின என்பதை எண்ணியபடி சற்று நேரம் அணைமீது நின்றோம். கூழைக்கடாக்கள் இரண்டு நீரில் மிதந்தன.

தமிழக அரசின் தொல்லியல் துறை 1985-இல் பூண்டியில் ஓர் அகழ்வைப்பகம் அமைத்தது. சிறிய கட்டடம்தான், ஆனால் பள்ளத்தாக்கில் கால்பட நடந்தவற்றை எல்லாம் அங்கே கண்ணாடிக்குள் வரிசையாகக் காணலாம். உபதேசியார் ஒரு பெட்டியின் முன் நீண்ட நேரம் நின்றார். பிறகு பையிலிருந்த கல்லை எடுத்துக் கண்ணாடியருகே பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். உள்ளே இருந்ததும் கையில் இருந்ததும் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருந்தன. அவர் முகத்தில் படர்ந்த மகிழ்ச்சி, பின்னால் நின்ற பெரியவரைக் கண்டதும் மறைந்தது.

பெரியவர் அதட்டவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் அந்தக் குழியில கூடை சுமந்திருக்கேன், ஐயா. ஒரு கல்லு தெரிஞ்சா உடனே எடுக்க விட மாட்டாங்க. நூல் கட்டி அளந்து, அது எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குதுன்னு எழுதி, படம் வரைஞ்சு, அப்புறந்தான் கை வைக்கணும். ஒரு கல்லுக்கு அரை நாள் ஆகும். இது எங்க கிடந்துச்சுன்னு இப்போ யாருக்குத் தெரியும்?”

உபதேசியார் தலைகுனிந்தார். “எனக்குத் தெரியும், கொண்டுபோய் வைத்துவிடுகிறேன்” என்றார்.

மணி நான்கைத் தாண்டிவிட்டது. இளைஞர் சிலருக்கு இரவு பத்து மணி ஷிப்டு. அகழ்வைப்பகத்திலேயே கொடுத்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அதுவும் தவறான யோசனையன்று. பங்குத் தந்தை உபதேசியாரின் முகத்தைப் பார்த்தார். வண்டியைக் குடியத்துக்குத் திருப்பச் சொன்னார். எல்லாரும் ஊரில் காத்திருக்க, பெரியவர், உபதேசியார், ஜார்க்கண்டு இளைஞர், ‘கல்தானே’ என்றவர் ஆகியோரோடு நாங்களும் விரைந்து நடந்தோம்.

நடக்கும்போது பெரியவர் தம் கதையைச் சிறிது சொன்னார். அவருடைய தகப்பனார் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவயதில் குடும்பமே ஓர் அரிசி ஆலையில் அடைந்து கிடந்ததாம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. சட்டம் வந்த செய்தி அந்த ஆலைக்குள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயிற்று. “வெளியே வந்ததும் அப்பா நேரா இந்தக் காட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்தாரு” என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. ஜார்க்கண்டு இளைஞர் அவர் கையிலிருந்த அரிவாளை வாங்கித் தாம் சுமந்து வந்தார்.

சரிவை அடைந்தபோது வெயில் மங்கிக்கொண்டிருந்தது. இந்த மரத்தடி என்றார் உபதேசியார். இல்லை, அந்தப் புதரோரம் என்றோம் நாங்கள். கையில் எடுத்தவருக்கும் தெரியவில்லை, பார்த்திருந்தும் பேசாமலிருந்த எங்களுக்கும் தெரியவில்லை. பெரியவர் எங்களை அசையாமல் நிற்கச் சொன்னார். குனிந்தவாறே பத்தடி தூரம் மெல்ல நடந்தார். பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். மழையில் நனைந்து காய்ந்த மண்ணில் பேரிக்காய் வடிவில் ஒரு குழி. அதனுள் மண் இன்னும் சற்று ஈரமாகவே இருந்தது. உபதேசியார் கல்லை வைத்தார். அமரவில்லை. பெரியவர் அதைத் திருப்பி வைத்தார். பொருந்தியது.

குடியம் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. பெரியவருக்குப் பேசிய கூலிக்கு மேல் பங்குத் தந்தை கொடுத்ததை அவர் முதலில் மறுத்து, பிறகு பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கிக்கொண்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட் வாயிலில் வண்டி நின்றபோது மணி ஒன்பதே கால். ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் செம்மண் படிந்த செருப்போடு இறங்கிச் சென்றார்கள்.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் உபதேசியார் அந்தக் கல்லைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். வாத்து முட்டைபோல் இருக்கிறதென்று பிள்ளைகள் சிரித்தார்கள். பயணம் வந்திருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி எழுந்துபோய், சாக்பீசை வாங்கி, விளிம்பில் சில்லு பெயர்ந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்.